ஏற்றாத மருந்து

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நடந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். மூவரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. முதல் நாள் மழை பெய்தது என்றார் ஒருவர். இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில் என்றார் இன்னொருவர். நடுவில் போன பதினோரு நாளை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டு படங்களின் மூலையிலும் தேதி அச்சாகியிருக்கிறது. மற்றவற்றில் நூரீன் சொன்னதையே அதிகம் நம்பி எழுதுகிறேன். அவள்தான் தனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்துச் சொன்னவள்.

நூரீனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. லாஸ்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினான்கு வருடமாக சி.டி. எடுக்கும் டெக்னீஷியன். முல்லா வீதியிலிருந்து காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து மிஷினைச் சூடேற்றினால் மாலை வரை ஆள் மாற்றி ஆள் படுத்துக்கொண்டே இருப்பார்கள். வயிறு, மார்பு, மண்டை என்று எத்தனையோ ஆயிரம் பேரின் உள்ளே பார்த்திருக்கிறாள். பார்த்ததைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது டாக்டர் பலராமனின் வேலை. அவர் பகலில் சென்டரில் கொஞ்ச நேரம் இருப்பார், மீதியை வீட்டிலிருந்தபடி கணினியில் பார்த்து அனுப்பிவிடுவார்.

மேஜையில் படுக்க வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் ஏழு. சர்க்கரை உண்டா, ஒவ்வாமை உண்டா, உடம்புக்குள் உலோகம் ஏதும் வைத்திருக்கிறார்களா என்று போகும். நான்காவது கேள்வி, கடந்த ஒரு வாரத்தில் ரத்தக்குழாயில் டை ஊசி போட்டார்களா என்பது. படத்தில் வெள்ளையாகத் தெரிவதற்காக ஏற்றுகிற மருந்தைத்தான் டை என்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு நோயாளி பதில் சொல்வது அபூர்வம். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருப்பார், பதில் மனைவியிடமிருந்து வரும். மாத்திரைப் பெயர்களும் தேதிகளும் மனைவிமாருக்குத்தான் தெரியும் என்பது இந்த ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நூரீனும் கேள்வியை நோயாளியைப் பார்த்துத் தொடங்கி மனைவியைப் பார்த்து முடிப்பதே வழக்கம்.

அப்படித்தான் அர்மானும் அந்துவானெத்தும் வந்தார்கள்.

அர்மானுக்கு அறுபத்தொன்று. பிரெஞ்சுப் படையில் இருபத்துமூன்று வருடம் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு இருப்பவர். அப்படிப்பட்டவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள்; அவர் தெருவில் தபால்காரருக்குக்கூட அவர் பெயர் சொல்தாதான். பிரான்சில் இருக்கும்போதே இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோயின. அந்துவானெத் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. கொடுத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு குளிர் ஆகாது என்று மகள் கரீனை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

அவள் கையில் தடித்த பச்சை அட்டை ஒன்று இருந்தது. ஃபைலுக்குப் பிரெஞ்சில் சொல்வது போல அதை அவள் தொசியே என்றாள். ஐந்து வருடத்து ரத்தப் பரிசோதனைத் தாள்கள் அதில் தேதிவாரியாக இருந்தன. ஆங்கிலத்தில் வந்த அறிக்கைகளின் ஓரத்தில் பென்சிலால் பிரெஞ்சில் அர்த்தம் எழுதியிருந்தாள். ஒரு வரியையும் விட்டிருக்கவில்லை.

வந்த காரணம் இதுதான். புதுச் சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்குப் போகும் குழாய் முந்தைய வருடம் சுருங்கிப்போனது. அது விரிந்திருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் ஒன்றை வைத்து மூன்று மாதம் கழித்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு போகும்போது எரிச்சல். கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரண்டு முறை சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்தார்கள், இரண்டு முறையும் கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. சிறுநீரக டாக்டர் இராமதாஸ், மருந்து எதுவும் ஏற்றாமல் வெறும் சி.டி. எடுத்துவரச் சொல்லியிருந்தார்.

நான்காவது கேள்விக்கு அந்துவானெத் உடனே பதில் சொன்னாள்.

"முந்தாநாள் ஹார்ட்டுக்கு ஆஞ்சியோ எடுத்தாங்கம்மா. மூச்சு வாங்குதுன்னு போனோம். அடைப்பு ஒண்ணும் இல்லையாம். அந்த ஒண்ணாவது நல்ல சேதி."

அர்மான் நாற்காலியில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்ததை மறுபடி கட்டி மறுபடி அவிழ்த்தார். நூரீன் அதைப் பார்த்தாள். வயதானவர்கள் பதற்றத்தில் செய்கிற காரியம்தானே என்று விட்டுவிட்டாள்.

மேஜையில் படுத்ததும் அவர் மிஷினின் வட்டத்தை அண்ணாந்து பார்த்தார். "உள்ள போனவங்க எல்லாரும் திரும்பி வந்துடறாங்களா?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் ஒருத்தரும் தங்கல சார். ஏசி குளிரு தாங்காது, ஓடியாந்துருவாங்க."

அவர் சிரித்தார். நல்ல பல்வரிசை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நூரீன் படங்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தாள். ஈரல், மண்ணீரல், முதுகுப் பக்கம் சுருங்கிக் கிடக்கும் பழைய சிறுநீரகங்கள் இரண்டு. கீழே வலப்பக்கம், இடுப்பெலும்பின் குழியில், அந்துவானெத்துடையது. அதன் நடுவில் சிறுநீர் சேரும் பள்ளத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு ஓடியது. முட்டை ஓட்டை விளிம்பில் பார்த்தால் தெரிகிற அளவு கனம். அந்தக் கோடு குழாயிலும் இறங்கி, இரண்டு பக்கச் சுவரையும் பிடித்தபடி கீழே போனது.

முந்தாநாள் போட்ட டை என்று நினைத்தாள். சரியாக வேலை செய்யாத சிறுநீரகம் மருந்தை உடனே வெளியே தள்ளாது, இரண்டு நாள் வைத்திருக்கும். பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் படத்தை விட்டு அடுத்ததற்குப் போக முடியவில்லை. டை சிறுநீரைவிட கனமானது. ஆள் மல்லாந்து படுத்திருந்தால் அது முதுகுப் பக்கமாகப் போய்ப் படியும், டம்ளரில் கரையாத சர்க்கரை மாதிரி. மேல்பக்கம் கறுப்பாக இருக்க வேண்டும். இங்கே மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை, நடுவில்தான் கறுப்பு. டை பள்ளத்தில் நிறையும். இது சுவரில் ஒட்டியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள். சிறிதாக்கினாள். போனை எடுத்துப் பலராமனின் எண் வரை போய் நிறுத்தினாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை, யாருடைய பித்தப்பையிலோ ஏதோ பட்டது என்று அவருக்குப் போன் செய்திருந்தாள். அது ஒன்றுமில்லை என்று ஆனது. மறுநாள் அவர் எல்லோர் முன்னாலும், "நூரீன், படம் எடுக்கறது நீ, பாக்கறது நான். ரெண்டையும் நீயே செஞ்சிட்டா நான் வீட்ல கோழி வளக்கப் போறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கெட்ட மனதோடு சொன்னதல்ல. அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் அந்த எண்ணை வேலை விஷயமாக அழைத்ததில்லை.

அப்போது சேதராப்பட்டு ஃபேக்டரியிலிருந்து தலையில் அடிபட்ட ஒருவரை ஆம்புலன்சில் கொண்டுவந்துவிட்டார்கள். வெளியே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நூரீன் போனை வைத்தாள். டாக்டருக்கான விவர வரியில், நோயாளிக்கு முந்தாநாள் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது, டை கொடுக்கப்பட்டது என்று தட்டெழுதிப் படங்களை அனுப்பினாள்.

அறிக்கை மாலையில் வந்தது. சிறுநீரகப் பள்ளத்திலும் குழாயிலும் சமீபத்திய ஆஞ்சியோவின் மருந்து மிச்சமிருக்கிறது, கல் இல்லை, தேவைப்பட்டால் சில நாள் கழித்து மறுபடி எடுக்கலாம். அந்துவானெத் மறுநாள் வந்து அதை வாங்கி, நின்ற இடத்திலேயே பென்சிலை எடுத்துக்கொண்டாள் என்று வரவேற்பில் இருந்த அஞ்சலாட்சி சொன்னாள். நூரீன் கேட்டுக்கொண்டாள். அந்தக் கோட்டை இரண்டு நாள் நினைத்தாள். மூன்றாம் நாள் மறந்துபோனாள். மறந்தது உண்மைதான் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பதினோராம் நாள் காலை அவர்கள் மறுபடி வந்தார்கள்.

நூரீனுக்கு அடையாளம் தெரியவில்லை. அர்மானின் முகம் உப்பி, கன்னம் பளபளவென்று இருந்தது. காய்ச்சல் இருந்தது. அஞ்சலாட்சி கொடுத்த சக்கர நாற்காலியை வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, இரண்டடி நடந்து, அதிலேயே உட்கார்ந்தார். நடுவில் என்ன நடந்தது என்று அந்துவானெத் சொன்னாள். கல் இல்லை, அடைப்பு இல்லை என்று அறிக்கை வந்ததால், உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கிறது என்று டாக்டர் இராமதாஸ் முடிவுக்கு வந்திருக்கிறார். வேறு காரணம் அவருக்குத் தெரியவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்க மூன்று நாள் பெரிய ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். கிரியாட்டினின் இறங்கவில்லை. காய்ச்சல்தான் வந்தது.

"என்னோடது இவருக்கு ஒத்துக்கலையாம்" என்றாள் அந்துவானெத். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு, விரித்து வைத்திருந்த பச்சை அட்டையை மூடினாள்.

நூரீன் மறுபடி ஏழு கேள்விகளையும் கேட்டாள். போன தடவைக்குப் பிறகு டை ஊசி எதுவும் போடவில்லை என்று அந்துவானெத் சொன்னாள். அர்மான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் இறங்கியது. வெள்ளைக்கோடு அங்கேயே இருந்தது. கனத்திருந்தது. ஒரு இடத்தில் செதில் போல விட்டு நின்றது. எந்த டையும் பதிமூன்று நாள் தங்காது.

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். மேஜையை இறக்கினாள். அவர் எழுந்துகொள்ள முயன்றார், வேண்டாம் என்று தோளில் கை வைத்தாள். நோயாளியிடம் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பேசாமலே கேள்வி கேட்கலாம் என்று அப்போது தோன்றியது.

"சார், அந்த ஆஞ்சியோ. மருந்து ஏத்துனாங்களா?"

 மிஷினுக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும் எவ்வளவு நேரம் கேட்டது என்று நூரீனால் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம் இருக்கும் என்றாள், பிறகு ஐந்து நிமிடம் என்றாள்.

"உள்ள கூட்டிட்டுப் போனாங்க" என்றார் கடைசியில். "மேஜையில படுக்க வச்சாங்க, இதே மாதிரி. கையெல்லாம் துடைச்சாங்க. அதுக்குள்ள ரத்த ரிப்போர்ட் வந்துது. அந்த டாக்டரு பாத்துட்டு, இந்தக் கிட்னிக்கு மருந்து ஏத்துனா மிச்சமும் போயிடும், எறங்குங்கன்னுட்டாரு. எறங்கிட்டேன்."

"அம்மாகிட்ட?"

"எடுத்தாச்சு, அடைப்பு இல்லன்னு சொன்னேன். பேப்பர் அப்புறம் தருவாங்கன்னேன்."

"ஏன் சார்?"

"அது அவளோடதும்மா." வலப்பக்க அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டார். "இத்தோட பொறந்து அம்பத்திரண்டு வருஷம் வச்சிருந்தா. ஒரு நோவு வந்ததில்ல. என்கிட்ட வந்து அஞ்சு வருஷத்துல கெட்டுப்போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

நூரீனுக்குக் கோபம் வந்தது. அன்று நீங்கள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டியதற்குப் பதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று வாய் வரை வந்தது. அதற்குள் தன் கை போனை எடுத்து வைத்தது நினைவுக்கு வர, அந்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது.

"குப்புறப் படுக்க முடியுமா சார்? ரெண்டு நிமிஷம்தான்."

டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம். கேட்காமலே செய்தாள். அந்த உடம்போடு அவர் திரும்பிப் படுக்கவே வெகுநேரம் ஆனது. வயிற்றின் கீழே தலையணை வைத்துக்கொடுத்தாள். மறுபடி படம் எடுத்தாள். திரவமாக இருந்தால் இப்போது வயிற்றுப் பக்கம் ஓடியிருக்க வேண்டும். ஒரு இழை நகரவில்லை.

பலராமன் அன்று சென்டரில்தான் இருந்தார். அவள் போய், சார் வாங்க என்று மட்டும் சொன்னாள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, குப்புறப் படுத்த படத்தைக் கீழே போட்டாள். ஆஞ்சியோ நடக்கவில்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோட்டின் அடர்த்தியை நாலைந்து இடத்தில் அளந்தார்.

"சுண்ணாம்பு" என்றார். "சுவருக்குள்ளயே படிஞ்சிருக்கு. ஸ்டென்ட் வச்சப்ப உள்ள போன கிருமியா இருக்கும்."

அப்படி ஒரு கிருமி உண்டு என்று பிறகு அவளுக்கு விளக்கினார். சிறுநீரில் இருக்கும் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கிவிடும். சிறுநீரில் காரத்தன்மை ஏறும். காரத்தில் உப்புகள் தேங்கிச் சுவரில் ஓடு ஓடாகப் படியும். மெதுவாக வளர்கிற கிருமி. ஆய்வகத்தில் ஒரே நாளில் கல்ச்சர் தட்டைப் பார்த்துத் தூக்கிப்போட்டால் கண்ணில் படாது, மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். அதைத் தேடு என்று யாராவது சொன்னால்தான் வைப்பார்கள். யார் சொல்வது? படம்தான் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அது இன்னும் சுகமாக இருக்கும்.

இதெல்லாம் பிறகு. அப்போது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அன்னிக்கே பாத்தியா நூரீன்?"

"பாத்தேன் சார். மேல்பக்கமும் வெள்ளையா இருந்துது."

"ஏன் சொல்லல?"

அவள் மேஜை மேல் இருந்த போனைப் பார்த்தாள்.   "நீ அடிச்ச வரிய மொதல்ல படிச்சிட்டேன். அப்புறம் படத்துல அதத்தான் பாத்தேன். வேறெதையும் பாக்கல" என்றார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "ஃபைல் வச்சிருப்பாங்களே அந்தம்மா, அவங்களக் கூப்பிடு."

நூரீன் முதலில் அர்மானிடம் போனாள். அவர் மேஜை விளிம்பில் உட்கார்ந்து சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டியிருந்தார். ஆஞ்சியோ நடக்காததை அவளிடம் சொல்லாதேம்மா என்று கேட்டார். கெஞ்சவில்லை; படைக்காரர் ஒரு சகாவிடம் கேட்பது போலக் கேட்டார். அறிக்கையில் வரும் சார், வராமல் இருக்க முடியாது, அம்மா ஒவ்வொரு வரியும் படிப்பாங்க என்றாள் நூரீன். அவர் மற்றக் கையையும் மாட்டிக்கொண்டார். பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டார். அப்படியானால் நானே சொல்கிறேன் என்றார்.

அந்துவானெத் உள்ளே வந்தாள். பலராமன் வாசலிலேயே நின்றுவிட்டார். அர்மான் மனைவியைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நீளமாக இல்லை, இரண்டு வாக்கியம் இருக்கும்.  நூரீனுக்கு அந்த மொழி தெரியாது. அந்துவானெத்தின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

அந்துவானெத் நின்றுகொண்டே இருந்தாள். நூரீன் நாற்காலியை நகர்த்திப் போட்டும் அவள் உட்காரவில்லை. அப்புறம் தமிழில் பேசினாள். மற்றவர்களும் கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அஞ்சு வருஷமா நீங்க பாத்ரூம் போனா வெளிய நின்னு சத்தம் கேட்டுட்டு இருக்கேன். நல்லா போறீங்களா, விட்டு விட்டுப் போறீங்களான்னு. எரியுதுன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பீங்கான்ல வெள்ளையா ஒட்டிட்டு இருக்கும். மணலு மாதிரி. ஒரு நாத்தம் வேற, தலைக்குப் போடற சாயம் மாதிரி மூக்க அரிக்கும். நீங்க பாத்துடக் கூடாதுன்னு நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனேன்."

பலராமன் ஓரடி உள்ளே வந்தார். "எப்பருந்தும்மா இது?"

"ஸ்டென்ட் எடுத்ததுலருந்து. ஏழெட்டு மாசம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல." அவள் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டாள். "போர் தண்ணி உப்புன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கொடுத்தவ நான். நானே அதப் பத்தி சும்மா சும்மா கேட்டுட்டிருந்தா, கொடுத்தத சொல்லிக் காட்டுற மாதிரி இருக்காதா? ஒரு தடவ கேட்டேன். அன்னிக்கு ராத்திரி இவரு சோறு திங்கல."

அர்மான் தலையைத் தூக்கவில்லை. அவள் அவரருகில் போனாள். அடிக்கப்போகிறாளோ என்று நூரீன் நினைத்தாள். அந்துவானெத் அவர் சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்ததை அவிழ்த்துச் சரியாகப் போட்டாள்.

"ஒத்துக்கலன்னு சொன்னாங்க" என்றாள். "அன்னிலருந்து அத நெனச்சுட்டுத் தூங்கல நான். என் ஒடம்பு ஒங்களுக்கு ஆகலன்னு. அது இல்லல்ல?"

கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை. பலராமன்தான் பதில் சொன்னார். அது இல்லம்மா, கிருமிதான், ஒத்துக்காததுக்கு இந்தப் படத்துல ஒரு அடையாளமும் இல்ல என்றார். அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். நூரீன் தண்ணீர் கொடுத்தாள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அர்மானிடம் நீட்டினாள்.

அங்கே நின்றபடியே நூரீன் தன் பங்கையும் சொன்னாள். முதல் படத்திலேயே சந்தேகம் வந்ததை, போனை எடுத்து வைத்ததை, அந்த வரியைத் தட்டெழுதியது தான்தான் என்பதை. சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்துவானெத் கேட்டுவிட்டு, "அந்த வரிய ஒங்களுக்குச் சொன்னது நான்தானம்மா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மன்னித்தாளா என்று நூரீனுக்கு இன்றுவரை தெரியாது.

பலராமன் அங்கிருந்தே டாக்டர் இராமதாஸுக்குப் போன் செய்தார். தன் முதல் அறிக்கை தவறு என்று தொடங்கித்தான் பேசினார். இனி ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் என்றார், சிறுநீரில் கார அளவு பார்க்கச் சொன்னார், கல்ச்சர் தட்டை மூன்று நாள் வைக்கச் சொன்னார். அன்றே அர்மானை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் தட்டில் கிருமி தெரிந்தது. தோல் வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் போட்டு, அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுவரில் படிந்த சுண்ணாம்பைக் கரைத்தார்கள். கரையாததைக் கருவி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். ஐந்து வாரம் படுத்திருந்தார். இடையில் இரண்டு முறை எடுத்த படங்களையும் நூரீனே எடுத்தாள். வெள்ளைக்கோடு முதலில் விட்டு விட்டுத் தெரிந்தது, பிறகு ஒரு ஓரத்தில் மட்டும். ஒவ்வொரு முறையும் நான்காவது கேள்வி வரும்போது அந்துவானெத் வாயைத் திறக்காமல் கணவரைப் பார்ப்பாள். அவர் பதில் சொல்வார்.

பதினோரு நாள் முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நூரீன் பலராமனிடம் ஒருமுறை கேட்டாள். கொஞ்சம் மிச்சமாகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம், அந்த ஸ்டீராய்டு மட்டும் உடம்புக்குள் போயிருக்காது என்றார். அதற்குமேல் இருவரும் அதைப் பேசியதில்லை.

அந்தச் சிறுநீரகம் இன்னும் ஒரு வருடமும் நான்கு மாதமும் ஓடியது. பிறகு நின்றுவிட்டது. அர்மான் இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். அந்துவானெத் கூடப் போகிறாள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு நன்றாக இருக்கிறாள். கரீன் வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறாள். தன்னுடையதைத் தருகிறேன் என்றாள், இருவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள். டாக்டர் இராமதாஸ் ஸ்டென்ட் எடுத்த நோயாளிகளிடம் கழிப்பறையைப் பற்றிக் கேட்கிறார். பலராமன் வீட்டிலிருந்து படம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். நூரீன் அதே சென்டரில்தான் இருக்கிறாள். கேள்விகளைக் கேட்கும்போது கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்கிறாள், சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.